வார்டில் சுகர் மீட்டர்: நர்சுகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கட்டில் பக்கத்திலேயே சர்க்கரை பார்ப்பதைச் சில வார்டுகளில் சி.பி.ஜி. என்பார்கள், சில இடங்களில் கேஸ் ஷீட்டில் ஜி.ஆர்.பி.எஸ். என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். இந்த வேலையைப் புது நர்சுகளுக்குப் பல வருடங்களாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இன்சார்ஜ் சிஸ்டர்களும் பயிற்சி கொடுப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. இதில் வரும் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.

ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய வேலைக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?

மீட்டரை இயக்குவது ஐந்து நிமிட வேலைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் வரும் எண் நேராக இன்சுலின் சிரிஞ்சுக்குள் போகிறது. லேபில் சாம்பிள் எடுப்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், ரிசல்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். வார்டில் இந்த மூன்று பேரும் ஒரே நர்ஸ், அதுவும் நைட் டியூட்டியில், முப்பது கட்டிலுக்கு நடுவில்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம், மதியம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்கு மீட்டர் 312 காட்டியது. ஸ்லைடிங் ஸ்கேல், அதாவது இவ்வளவு சர்க்கரைக்கு இவ்வளவு இன்சுலின் என்ற அட்டவணை பார்த்து இன்சுலின் எடுத்தாகிவிட்டது. சிரிஞ்சைக் கையில் வைத்திருந்த புதுப்பெண் மட்டும், “காலையில 140தானே இருந்துச்சு?” என்று நின்றுவிட்டாள். கட்டிலுக்குக் கீழே எவர்சில்வர் தட்டில் மாம்பழத் தோல் கிடந்தது. அந்த அம்மா ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை, பேரனுக்கு உரித்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் குத்தியிருந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, மறுபடி பார்த்தால் 146. அந்த இன்சுலின் உள்ளே போயிருந்தால் சாயங்காலத்துக்குள் அவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம்.

அந்தப் பெண் அங்கே நின்றாளே, அந்த நிற்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பட்டனை அழுத்த யாரும் கற்றுக்கொள்வார்கள்.

அப்படியானால் ஸ்பிரிட் போதாதா?

போதாது. பழச்சாறு, பாயசம், குளுக்கோஸ் தண்ணீர் எது விரலில் பட்டிருந்தாலும் ஸ்பிரிட் பஞ்சு அதை முழுதாக எடுப்பதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் எடுக்கும். எழுந்து போக முடியாதவருக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியில் கொஞ்சம் சோப்பு வைத்துத் துடைத்து, சுத்தமான ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்து, அப்புறம் உலர்ந்த துணி. விரலில் ஈரம் நின்றால் ரத்தம் நீர்த்து ரிசல்ட் குறைந்து வரும். வேறு வழியில்லாமல் ஸ்பிரிட்தான் என்றால், அது முழுதாகக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஊதிக் காயவைப்பது கூடாது.

எந்த விரல், எங்கே குத்துவது?

நடுவிரல் அல்லது மோதிர விரல். நுனியின் நட்டநடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் வலி அதிகம், அந்த இடத்தால்தான் மனிதர்கள் நாள் முழுக்க எதையும் தொடுகிறார்கள். தினம் நாலு முறை பார்க்கும் நோயாளிக்கு விரலை மாற்றி மாற்றிக் குத்துங்கள். “அம்மா, நேத்து எந்த விரல்ல குத்துனாங்க?” என்று கேட்டாலே அவர்கள் காட்டிவிடுவார்கள்.

ட்ரிப் ஓடும் கையில் எடுக்காதீர்கள். நீர் கோத்து வீங்கிய கையும், மார்பக ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையும் வேண்டாம். பிறந்த குழந்தைக்கு விரல் கிடையாது, குதிகாலின் பக்கவாட்டு ஓரம்தான். குதிகாலின் நடுப்பகுதியில் எலும்பு மிக அருகில் இருக்கிறது.

ரத்தம் வரவில்லை என்றால் விரலைப் பிதுக்கலாமா? முதல் சொட்டா, இரண்டாவதா?

பிதுக்கினால் ரத்தத்தோடு திசு நீரும் சேர்ந்து வரும், எண் தவறும். ஏ.சி. ஓடும் ஐ.சி.யூ.வில் விரல் ஐஸ் மாதிரி இருக்கும், அங்கேதான் இந்தப் பழக்கம் அதிகம். குத்துவதற்கு முன்பே கையைக் கட்டிலுக்குக் கீழே அரை நிமிடம் தொங்கவிடுங்கள், வெதுவெதுப்பான துணியால் சுற்றிவையுங்கள், உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். இதை வாயால் சொன்னால் பதியாது. பயிற்சியில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து நீவிப் பார்க்க வேண்டும்.

சொட்டு விஷயத்தில் கை நன்றாகக் கழுவி உலர்ந்திருந்தால் முதல் சொட்டு போதும். கழுவ முடியவில்லை என்றால் முதல் சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். உங்கள் மீட்டர் கம்பெனியின் குறிப்பு வேறு மாதிரி சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒரே வார்டில் ஆளுக்கொரு முறை மட்டும் இருக்கக் கூடாது.

ஸ்ட்ரிப் டப்பாவில் என்ன பெரிய விஷயம்?

ரத்தச் சொட்டை வாங்க மீட்டரில் செருகும் பட்டைதான் ஸ்ட்ரிப். அதன் நுனியில் சர்க்கரையோடு வினைபுரியும் என்சைம் உலர்ந்த நிலையில் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் பட்டால் அந்த என்சைம் கெடும், வெயிலும் கெடுக்கும். டப்பாவின் உட்சுவரில் ஈரத்தை உறிஞ்சும் பூச்சு இருப்பதே அதற்காகத்தான். ஒரு ஸ்ட்ரிப் எடுத்தவுடன் மூடி “டக்” என்று சத்தம் வர மூட வேண்டும். ஐப்பசி மழையில் ஜன்னல் ஓரம் இரவு முழுக்கத் திறந்து கிடந்த டப்பாவை நான் தயங்காமல் குப்பையில் போட்டிருக்கிறேன். ஐம்பது ஸ்ட்ரிப் வீணாகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்களிடம், தப்பான ஐம்பது ரிசல்ட்டின் விலை என்ன என்று கேளுங்கள்.

திறந்த தேதியைப் பேனாவால் டப்பா மேலேயே எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லேபிளில் இருக்கும். பாதி பாதியாக இருக்கும் இரண்டு டப்பாவை ஒன்றாகக் கொட்டும் வழக்கம் சில வார்டுகளில் உண்டு. அதை அன்றைக்கே நிறுத்துங்கள். வேறு வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) ஒன்றாகிவிட்டால் எது காலாவதி, எதற்கு மீட்டரில் எந்தக் கோடு எண் போட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

கன்ட்ரோல் சொல்யூஷன் தினமும் போட வேண்டுமா?

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க உதவும், சர்க்கரை அளவு முன்பே தெரிந்த திரவம்தான் கன்ட்ரோல் சொல்யூஷன். ஆஸ்பத்திரி மீட்டர் என்றால் தினமும், குறைந்தது இரண்டு அளவுகளில். புது டப்பா திறக்கும்போதும், மீட்டர் கீழே விழுந்தாலும், ரிசல்ட் நோயாளியின் நிலையோடு பொருந்தாதபோதும் மறுபடி. வர வேண்டிய எல்லை பெரும்பாலும் ஸ்ட்ரிப் டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். எல்லைக்கு வெளியே போனால் அந்த மீட்டரில் யாருக்கும் பார்க்கக் கூடாது. “உபயோகிக்காதே” என்று எழுதி ஒட்டி, தனியே எடுத்து வைத்துவிட்டு, லேபுக்குச் சொல்லுங்கள். கன்ட்ரோல் பாட்டில் பல பிராண்டுகளில் திறந்து மூன்று மாதம் வரைதான். அதிலும் தேதி எழுதுங்கள்.

நோட்டில் முப்பது நாளும் ஒரே எண் இருந்தால் யாரோ பார்க்காமலேயே எழுதுகிறார்கள் என்று அர்த்தம். திட்டுவதற்கு முன், காலை ரவுண்டு நேரத்தில் அவர்களுக்கு அதற்கு நிமிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல் போடும் நேரத்தை ஹேண்ட்ஓவர் முடிந்தவுடன் என்று வைத்தாலே பல வார்டுகளில் சரியாகிவிடும்.

லேப் ரிசல்ட்டும் மீட்டரும் ஒத்துப்போகவில்லை. எது சரி?

முதலில், எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். வீட்டு மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரவிதி 2013-இல் திருத்தப்பட்டது. அதன்படி லேப் அளவு 100-க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் முன்பின், 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் முன்பின். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ரிசல்ட் இதற்குள் வந்தால் போதும். லேபில் 200 என்றால் மீட்டர் 170 முதல் 230 வரை காட்டலாம், மீட்டரில் குறையில்லை.

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த கணக்கை அவர்களையே போடச் சொல்லுவேன். உண்மையில் சர்க்கரை 60. மீட்டர் எவ்வளவு வரை காட்டலாம்? 75. கேஸ் ஷீட்டில் 75 என்று பார்த்தால் எல்லாம் நார்மல் மாதிரித் தெரியும், அங்கே நோயாளிக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். வியர்வை, கை நடுக்கம், குழப்பம் இருந்தால் 75-ஐ நம்பி உட்காரக் கூடாது என்பதை இந்த ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்துவிடும்.

அப்புறம், லேப் பக்கமும் தவறு வரும். சாதாரண ட்யூபில் எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் கிடந்தால், ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைத்துவிடும். சாம்பல் மூடி ஃபுளோரைடு ட்யூப் அதைக் கட்டுப்படுத்தத்தான், ஆனாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குறைவது முழுதாக நிற்காது. வார்டு பாய் வரட்டும் என்று ட்யூபைக் கவுன்டரில் வைத்துவிடாதீர்கள். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒப்பிட வேண்டுமானால் வெறும் வயிற்றில், இரண்டு சாம்பிளும் ஒரே நேரத்தில்.

எந்த நோயாளியிடம் மீட்டரை நம்பக் கூடாது?

பயிற்சியில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார்கள்.

முதலில் ரத்தசோகை. ஹீமோகுளோபின் 6, 7 என்று இருப்பவரிடம் சிவப்பணு குறைவு. அதனால் பல மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். 55 இருக்கும் ஒருவருக்கு 75, 80 என்று வந்தால் சர்க்கரை இறங்கியிருப்பது அப்படியே மறைந்துவிடும். சிவப்பணு அதிகமுள்ள பச்சிளம் குழந்தைகளிடம் இதற்கு நேர் எதிராக, உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். நல்ல ஆஸ்பத்திரி மீட்டர்கள் இதைத் தாமே சரிசெய்கின்றன. உங்களுடையது எந்த ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) எல்லைக்குள் வேலை செய்யும் என்பது ஸ்ட்ரிப்போடு வரும் மடிப்புத்தாளில் இருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வகுப்பில் எல்லோரையும் ஒரு முறை வாசிக்க வையுங்கள்.

அடுத்து ஷாக். பி.பி. விழுந்து, கை கால் சில்லிட்டு, ரத்தம் விரல் வரை சரியாகப் போகாதவரிடம் விரல் ரத்தம் உடம்பின் நிலையைச் சொல்லாது. தமனி அல்லது நரம்பு ரத்தம்தான் எடுக்க வேண்டும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு லேபுக்கு அனுப்ப வேண்டும்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைம் வகை ஸ்ட்ரிப்பாக இருந்தால் அதிக ஆக்சிஜன் ஓடும் நோயாளியிடம் எண் குறைந்து வரலாம். வைட்டமின் சி அதிக டோசில் ஊசியாகப் போட்டிருந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும்.

வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களில் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் போடுவார்கள். அது உடம்பில் மால்டோஸாக உடையும். ஜி.டி.எச்.-பி.க்யூ.க்யூ. என்ற இன்னொரு என்சைம் வகை ஸ்ட்ரிப்புக்கு மால்டோஸும் குளுக்கோஸும் ஒன்றுதான். இந்த ஏமாற்றத்தால் 1997 முதல் 2009 வரை 13 பேர் இறந்ததாகத் தனக்கு வந்த புகார்களை வைத்து அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரிக்கை வெளியிட்டது. மீட்டர் உயரமாகக் காட்டியது, இன்சுலின் போட்டார்கள், உண்மையான சர்க்கரையோ தரையில் இருந்தது. டயாலிசிஸ் நோயாளி அட்மிட் ஆனால் என்ன திரவம் என்று கேளுங்கள், உங்கள் ஸ்ட்ரிப் எந்த வகை என்று ஸ்டோரில் கேளுங்கள்.

திரையில் ‘லோ’ அல்லது ‘ஹை’ என்று எழுத்து வந்தால்?

பல மீட்டர்களில் ‘லோ’ என்றால் 20-க்குக் கீழே, ‘ஹை’ என்றால் 600-க்கு மேலே. சில மாடல்களில் இந்த எல்லை மாறும். இரண்டையும் மெஷின் கோளாறு என்று நினைத்துப் பத்து நிமிடம் ஸ்ட்ரிப் மாற்றிக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. நோயாளியைப் பாருங்கள், டியூட்டி டாக்டருக்குச் சொல்லுங்கள், கை கழுவி ஒரே ஒரு முறை மறுபடி பாருங்கள், லேபுக்குச் சாம்பிள் அனுப்புங்கள். மயக்கத்தில் கிடப்பவரிடம் ‘லோ’ வந்தால் லேப் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

70-க்குக் கீழே வந்தால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

விழுங்கத் தெரியும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிவிட்டால் அடுத்த சாப்பாட்டு நேரம் தூரமா என்று பார்த்து ஏதாவது சாப்பிட வையுங்கள். 54-க்குக் கீழே போனால் இன்னும் அவசரம். நினைவு சரியில்லை என்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, புரையேறும். நரம்பு வழியாகத்தான். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அது எமர்ஜென்சி ட்ரேயில் எங்கே இருக்கிறது என்பதை இருட்டிலும் எடுக்கத் தெரிய வேண்டும்.

இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை கரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் ஏறாது. அந்த மாத்திரையே குடலில் சர்க்கரை உடைவதைத் தடுப்பதுதான். அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர் மட்டுமே. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் ஒரு நாள் முழுக்கக் கண் வைக்க வேண்டும். “சரியாகிவிட்டது” என்று ஹேண்ட்ஓவரில் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

காலை 6 மணிக்கே எல்லோருக்கும் பார்த்துவிடுகிறோம். சரிதானே?

எதற்கு என்பதைப் பொறுத்தது. வெறும் வயிற்று அளவு தெரிய வேண்டும் என்றால் சரி. ஆனால் நைட் ஷிப்ட் ஹேண்ட்ஓவருக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று 6 மணிக்குப் பார்த்து, அப்போதே உணவுக்கு முந்தைய இன்சுலினையும் போட்டுவிட்டு, இட்லி 8.30-க்கு வந்தால் என்ன ஆகும்? இடையில் சர்க்கரை இறங்கும். உணவுக்கு முந்தைய அளவும் இன்சுலினும் தட்டு வரும் நேரத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இது நர்சுகள் மட்டும் தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல. டயட் கிச்சன் பொறுப்பாளரையும் ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டேன், வண்டி முதலில் எந்த வார்டுக்குப் போகிறது என்ற வரிசையை அவரே மாற்றிக் கொடுத்தார்.

கேஸ் ஷீட்டில் எண்ணோடு நேரமும், சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்பதும், யாரிடம் சொன்னீர்கள் என்பதும் இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கான சோதனையை இதே மீட்டரில் செய்யலாமா?

நம் நாட்டு வழிகாட்டுதல்படி செய்யலாம், பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்) அளவுக்குச் சரிசெய்த மீட்டராக இருந்தால். 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, சரியாக 2 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. 140-ம் அதற்கு மேலும் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்யுங்கள். இங்கேயும் விரலைக் கழுவுவதை மறக்காதீர்கள், ஏனென்றால் அந்த டம்ளரைப் பிடித்திருந்த கை அது! ரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே மீட்டரை எல்லோருக்கும் உபயோகிக்கிறோம். தொற்று வராதா?

வரும். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில், வெறும் மேசைப் பரப்பில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கறை போதும்.

பேனா மாதிரி இருக்கும் குத்தும் கருவியை ஒருவருக்கு மேல் உபயோகிக்கவே கூடாது, ஊசியை மாற்றினாலும் கூடாது. ஒருமுறை குத்தியதும் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் லான்செட்தான் வார்டுக்கு. மீட்டரை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும், கம்பெனி சொல்லும் கிருமிநாசினித் துடைப்பானால் துடையுங்கள். ஸ்பிரிட் இந்த வைரஸுக்குப் போதாது. கையுறையையும் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். ரத்தம் பட்ட கையுறையோடு டப்பாவுக்குள் விரலை விட்டு அடுத்த ஸ்ட்ரிப் எடுப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். ட்ரேயைப் படுக்கை விரிப்பின் மேல் வைக்காதீர்கள். 2016-இன் மருத்துவக் கழிவு விதிப்படி லான்செட் வெள்ளை நிற, துளைக்க முடியாத டப்பாவுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு.

பயிற்சியை எப்படி நடத்துவது?

நான் ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்ப்பதில்லை. முதலில் கன்ட்ரோல் சொல்யூஷன், அப்புறம் ஒருவருக்கொருவர், அப்புறம் வார்டில் என் கண் முன்னால் உண்மையான நோயாளிகளிடம். எழுத்துத் தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கியவர் வார்டில் கை கழுவச் சொல்ல மறப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் செய்முறையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு முறை, அப்புறம் வருடா வருடம்.

வகுப்பில் நான் கட்டாயம் செய்வது ஒன்று உண்டு. ஒருவர் விரலில் வாழைப்பழத்தைத் தேய்த்துவிட்டு மீட்டரில் பார்ப்போம். கழுவிவிட்டு மறுபடி பார்ப்போம். இரண்டு எண்ணையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவேன். அதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

யாராவது தவறு செய்து தானாக வந்து சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள். அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், அந்தத் தவறு நோயாளியிடமே தங்கிவிடும். நெட்வொர்க்கில் இணைந்த மீட்டர் என்றால் ஒருவர் அடையாள எண்ணை இன்னொருவர் உபயோகிக்க விடாதீர்கள். பயிற்சி இல்லாதவரை அந்த மீட்டர் தடுக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

நோயாளி வீட்டிலிருந்து தன் மீட்டரைக் கொண்டுவந்து, “இதில் வேற காட்டுதே சிஸ்டர்” என்றால்?

கோபப்பட வேண்டாம், அவர் சரியான கேள்விதான் கேட்கிறார். அவர் மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் வாங்கிப் பாருங்கள். காலாவதி தேதி, பழைய மாடல் என்றால் கோடு எண், டப்பா மூடி இருக்கும் நிலை. அவர் எப்படிக் குத்துகிறார் என்று ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். சிகிச்சை முடிவு வார்டு மீட்டரையும் லேபையும் வைத்துத்தான் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள், வெறும் வயிற்றில் லேபுக்கு ரத்தம் எடுக்கும் அதே நிமிடத்தில், அவர் மீட்டரிலும் பார்த்து இரண்டு எண்ணையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு அவர் பார்க்கப்போவது அந்த மீட்டரைத்தான்.